பந்தை அமுக்குங்கள், பாரம் குறையும்

அக்டோபர் 10 வந்துவிட்டால் நவி மும்பை ஐரோலியின் கண்ணாடிக் கட்டடங்களுக்குத் திடீரென்று இதயம் முளைத்துவிடும். உலக மனநல நாள் அல்லவா? லிஃப்ட் வாசலில் பச்சை ரிப்பன், கேன்டீனில் ஜூம்பா, மூன்று மணிக்குச் சிரிப்பு யோகா, மேசைக்கு மேசை கம்பெனி முத்திரை குத்திய ரப்பர் பந்து. மனசு கனக்கும்போது பந்தை அமுக்க வேண்டும். அமுக்க அமுக்கப் பாரம் குறையும் என்று எச்ஆர் பெண் மைக்கில் சொல்லுவார். பாவம், அவரே முந்தின நாள் ராத்திரி பதினொன்றரைக்குத்தான் வாஷி போய்ச் சேர்ந்திருப்பார். கூட்டத்துக்கு வருவது கட்டாயம். வராதவர்கள் பட்டியல் மேனேஜருக்குப் போகும். மன அமைதிக்குச் செலவான அந்த ஒரு மணி நேரத்தைச் சாயங்காலம் கூடுதலாக உட்கார்ந்து ஈடுகட்டிவிட வேண்டும். 2024இல் அந்த நாளுக்கு உலகம் வைத்த தலைப்பு, பணியிடத்தில் மனநலத்துக்கு முன்னுரிமை. நம் கம்பெனிகள் அதற்குக் கேக் வெட்டின.

ஐரோலியின் ஒரு பக்கம் தானே கழிமுகம். பூநாரைகள் கூட்டங்கூட்டமாக வந்து இறங்கும் இடம். அவற்றுக்காக 2015இல் அரசு சரணாலயம் அறிவித்தது. 2022இல் உலக ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலிலும் அந்தக் கழிமுகம் இடம்பிடித்தது. இளைப்பாறும் பறவையைத் தொந்தரவு செய்தால் சட்டம் பாயும். நல்லது, பாயட்டும். இந்தப் பக்கம், ரசாயனத் தொழிற்சாலைகள் வரிசைகட்டி நின்ற தானே-பேலாப்பூர் சாலையில் இன்று நிற்கும் கணினிக் கூடங்களில், ராத்திரி பதினொரு மணிக்கு 'ஒரு சின்ன கால்' என்று மனுஷனை எழுப்பினால் எதுவும் பாயாது. வேலை நேரம் முடிந்த பிறகு போனை எடுக்காமலிருக்கும் உரிமை வேண்டும் என்று பாராமதி எம்பி சுப்ரியா சுலே 2018இல் ஒரு தனிநபர் மசோதா கொண்டுவந்தார். 1970க்குப் பிறகு இந்த நாட்டில் ஒரு தனிநபர் மசோதாகூடச் சட்டமானதில்லை. பூநாரைக்கு இருக்கிற செல்வாக்கு எம்பிக்கு இல்லை.

இந்தக் கட்டடங்களில் ஏதோ ஒன்றின் ஆறாவது மாடியில் ஒரு பையனை உட்கார வைத்துக்கொள்வோம். பெயர் வேண்டாம், வரிசைக்கு நாலு பேர் அவனைப் போல இருக்கிறார்கள். தாத்தா திருநெல்வேலிச் சீமையிலிருந்து தாராவிக்கு வந்தவர். அப்பா தோல் பட்டறையில் முதுகு வளைந்தவர். இவன் மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் தொடங்கி, இன்ஜினியரிங் முடித்து, இருபது வருஷத் தவணையில் ஐரோலியில் ஒரு ஒன் பிஎச்கே வாங்கியவன். குடும்பத்தில் முதன்முதலாக ஏசி போட்டுத் தூங்கியவன் அவன்தான். இப்போது அந்த ஏசியில் காலை நாலு மணிக்கு விழித்துக்கொண்டு விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். குளிப்பதற்கு எழுந்திருப்பதே மலையேறுவது போல இருக்கிறது. உயிராக நினைத்த கிரிக்கெட் சலித்துவிட்டது. மெயிலில் நாலு வரியை ஏழு தடவை படித்தும் மண்டையில் ஏறவில்லை. தான் யாருக்கும் பிரயோஜனமில்லாதவன் என்ற எண்ணம் மட்டும், கேட்காமலே, நாள் முழுக்கக் கூட வருகிறது.

ஒரு நாள் ஐரோலி ஸ்டேஷன் படிக்கட்டில் நெஞ்சு பிடித்துக்கொண்டது. வேர்த்து ஊற்றியது, விரல்கள் மரத்தன, மூச்சு உள்ளே போகவில்லை. இதோ செத்துவிட்டோம் என்று நினைத்தான். ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். ஈசிஜி நார்மல். எக்கோ நார்மல். டிரெட்மில்லில் ஓடவிட்டுப் பார்த்தார்கள், அதுவும் நார்மல். "ஒண்ணுமில்ல, கேஸ்தான்" என்று வயிற்றுப் புண் மாத்திரை எழுதி, ஐந்து இலக்கத்தில் பில்லும் எழுதினார்கள். பயத்தின் தாக்குதல் அப்படித்தான் வரும், பத்து நிமிஷத்தில் உச்சிக்குப் போய் மெல்ல இறங்கும், அதற்கு வைத்தியம் இருக்கிறது என்று ஒரே ஒரு வாக்கியம் சொல்ல அங்கே யாருக்கும் நேரமில்லை. வாக்கியத்துக்குப் பில் போட முடியாதே.

இனி உறவினர் படை. நோய் என்று சொன்னால் நம் ஆட்கள் ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு வருவார்கள். மனசு சரியில்லை என்றால் கையில் ஒன்றுமில்லாமல், வாயில் அறிவுரையோடு வருவார்கள்.

முதலில் தாராவிப் பெரியப்பா. "ஏல, நான் தாதர் ஸ்டேஷன்ல எறங்கும்போது எனக்கு வயசு பதினாலு. சால்ல ஒத்த ரூம்ல பதினெட்டுப் பேரு படுத்துக் கெடந்தோம். எங்களுக்கெல்லாம் டிப்ரஷன் வரலலா? வாரதுக்கு எங்கலே எடம் இருந்துச்சு?" சபை சிரித்தது. பெரியப்பா மீசையைத் தடவிக்கொண்டார். அவருக்கு வந்ததே, பெரியப்பாவுக்கு! முப்பது வருஷமாக தினமும் ராத்திரி ஒரு குவாட்டர் இல்லாமல் கண் மூடாததற்கு என்ன பெயர்? பெரியம்மா மாதத்தில் பத்து நாள் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்ததற்கு? பக்கத்து ரூம்காரர் ஒருநாள் காலை தண்டவாளத்துப் பக்கம் போய்த் திரும்பி வராததற்கு? அப்போதெல்லாம் அதைக் குடி என்றார்கள், உடம்பு சரியில்லை என்றார்கள், காத்துக் கருப்பு என்றார்கள், விபத்து என்றார்கள். பதினெட்டுப் பேரில் எத்தனை பேரை அது தின்றது என்று யாரும் எண்ணவில்லை. பிழைத்தவர் வந்து பெருமை பேசுகிறார்.

அடுத்து செம்பூர் அத்தை. "காலாகாலத்துல ஒரு கால்கட்டைப் போட்டிருந்தா இதெல்லாம் வருமா? அண்ணி, நான் ஒரு ஜாதகம் கொண்டாந்திருக்கேன்." யாரோ ஒரு வீட்டுப் பெண்ணை ஆறு மாதத்துக்கு மாத்திரையாகப் பயன்படுத்திப் பார்க்கலாம் என்று ஒரு பெண்ணே வந்து சொல்லுகிறார். கூடவே, செட்டா நகர் திருச்செம்பூர் முருகன் கோயிலின் நூற்றெட்டுப் படியை ஒரு மண்டலம் ஏறி இறங்கச் சொன்னார். நியாயமாகச் சொல்ல வேண்டும்: அத்தை வாயிலிருந்து வந்ததில் இது ஒன்றுதான் மருத்துவம். தினமும் உடம்பை அசைப்பது லேசான, நடுத்தரமான மனச்சோர்வைக் குறைக்கிறது என்பது ஆராய்ச்சியில் நின்ற விஷயம். முருகன் புண்ணியத்தில் பையன் வீட்டைவிட்டு வெளியே வந்தால் சரிதான். ஆனால் இந்த நோயின் முதல் வேலையே படுக்கையைவிட்டு எழவிடாமல் செய்வது. எழ முடியாதவனிடம் 'ஏறு' என்று சொல்லிவிட்டு, ஏறவில்லை என்றால் 'பக்தி போதலை' என்று தீர்ப்பும் எழுதுவது அத்தையின் தனி வைத்திய முறை.

மூன்றாவது, நண்பனின் அப்பா, மாட்டுங்கா மாமா. விஷயம் தெரிந்தவர். "எது வேணாப் பண்ணுடா கொழந்தே, பிராணாயாமம் பண்ணு, கார்த்தால அஞ்சு மணிக்கு எழுந்து ஜபம் பண்ணு. அந்த மாத்திரையை மாத்திரம் தொட்டுடாதே. அடிக்ட் ஆயிடுவே." சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய், பன்னிரண்டு வருஷமாக விடாமல் விழுங்கிவரும் தூக்க மாத்திரையில் பாதியை விழுங்கிவிட்டுப் படுத்துக்கொண்டார். பழக்கத்துக்கு அடிமையாக்குவது மாமா விழுங்கும் அந்த அல்பிரசோலம், குளோனசெபம் வகையறாதான். சில வாரங்களுக்கு மேல் போனால் நிறுத்துவது கஷ்டம். மனச்சோர்வுக்கு மனநல மருத்துவர் எழுதும் எஸ்சிடலோபிராம், செர்ட்ராலின், ஃபுளுவாக்செட்டின் எல்லாம் வேறு இனம். அவை போதை தருவதில்லை, இன்னும் வேண்டும் என்று ஏங்கவைப்பதில்லை. சட்டென்று நிறுத்தினால் தலைசுற்றும், ஆகவே மருத்துவர் சொல்படி மெல்லக் குறைக்க வேண்டும், அவ்வளவுதான். மாமாவுக்கு இந்த வித்தியாசம் தெரியாது. தெரியாததைப் பற்றி உறுதியாகப் பேசுவதில்தான் அவருக்கு அன்றைய நிம்மதி.

உறவினர்களாவது பாமரர்கள். படித்த பெரிய மனிதர்களிடம் போவோம். அதிலும் தமிழர் பெருமை தலைநிமிர்ந்து நிற்கிறது.

2025 ஜனவரியில் எல் அண்ட் டி தலைவர் எஸ்.என். சுப்பிரமணியன் தன் ஊழியர்களிடம் பேசிய வீடியோ ஒன்று வெளிவந்தது. ஞாயிற்றுக்கிழமையும் உங்களை வேலை வாங்க முடியவில்லையே என்று வருந்தினார், வாரம் 90 மணி நேர வேலையைப் புகழ்ந்தார், வீட்டில் உட்கார்ந்து மனைவி முகத்தை எவ்வளவு நேரம்தான் பார்த்துக்கொண்டிருப்பீர்கள் என்று கேட்டார். 2023-24இல் அவருடைய ஊதியம் சுமார் 51 கோடி. அவர் நிறுவனத்தில் நடுவரிசையில் நிற்கும் ஊழியரின் சம்பளத்தைப் போல 500 மடங்குக்கும் மேல். அந்த ஊதியத்துக்கு 90 மணி நேரம் என்ன, தொண்ணூற்றைந்தே உட்காரலாம் ஐயா. ஒரு மடங்கு வாங்குகிறவன் ஏன் உட்கார வேண்டும் என்பதைத்தான் விளக்காமல் விட்டுவிட்டீர்கள். வாரம் 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்பவருக்குப் பக்கவாத ஆபத்து 35 சதவீதம் கூடுதல், இதய நோயில் சாகும் ஆபத்து 17 சதவீதம் கூடுதல் என்று உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021இலேயே சேர்ந்து சொல்லியிருக்கின்றன. மனைவி முகத்தைப் பார்த்ததால் யாருக்கும் பக்கவாதம் வந்ததாக அந்த அறிக்கையில் இல்லை.

நம் மதுரை மண்ணில் பிறந்த நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் வேறு வைத்தியம் வைத்திருந்தார். புனேயில் ஈஒய் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்து நாலே மாதத்தில், 2024 ஜூலை 20 அன்று, 26 வயது ஆடிட்டர் அன்னா செபாஸ்டியன் பேராயில் இறந்துபோனார். தாய் அந்த நிறுவனத்தின் தலைவருக்குக் கடிதம் எழுதினார்: மகளுக்கு நெஞ்சை அடைத்தது, காட்டினோம், ஈசிஜி நார்மல் என்றார்கள், தூக்கமில்லை, நேரத்துக்குச் சாப்பாடில்லை என்று சொல்லி அமிலத்துக்கு மருந்து கொடுத்தார்கள், அவள் திரும்ப வேலைக்குப் போனாள், அடக்கத்துக்கு ஆபீசிலிருந்து ஒருவரும் வரவில்லை. வேலைப்பளுவால் சாவு என்பதை நிறுவனம் மறுத்தது. நாடு கொதித்தது. செப்டம்பரில் சென்னையில் ஒரு தனியார் மருத்துவக் கல்லூரி விழாவில் அமைச்சர் பேசினார். அழுத்தத்தைத் தாங்கும் உள்வலிமையைப் பிள்ளைகளுக்கு வீட்டில் கற்றுத்தர வேண்டும், அந்த வலிமை தெய்வத்தின் வழியாகத்தான் வரும் என்றார். எதிர்ப்புக் கிளம்பியதும், அந்தப் பெண்ணையோ குடும்பத்தையோ குறை சொல்லவில்லை என்று விளக்கமும் தந்தார். சரி, தெய்வம் வீட்டிலேயே இருக்கட்டும். அரசாங்கம் எங்கே இருந்தது? சாவுக்குப் பிறகு போய்ப் பார்த்த மகாராஷ்டிரத் தொழிலாளர் துறை அதிகாரிகள், அந்த அலுவலகம் 2007இலிருந்து கடைகள், நிறுவனங்கள் சட்டப்படியான பதிவே இல்லாமல் நடந்துவந்ததாகச் சொன்னார்கள். ஒரு நாளைக்கு 9 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று அப்போது வரம்பு போட்டிருந்த சட்டம் அதுதான். பதினேழு வருஷம் ஒரு இன்ஸ்பெக்டரும் கதவைத் தட்டவில்லை. வடா பாவ் வண்டிக்காரனிடம் மட்டும் தினமும் ரசீது கேட்பார்கள்.

அதைவிடக் கொடுமை கேளுங்கள். அந்தச் சாவு நடந்து பதினான்கு மாதம் கழித்து, 2025 செப்டம்பரில், மகாராஷ்டிர அமைச்சரவை கூடி வேலை நேரத்தைப் பற்றி ஆழ்ந்து யோசித்தது. யோசித்து, தனியார் நிறுவனங்களின் தினசரி வரம்பை 9 மணியிலிருந்து 10 மணியாக உயர்த்த ஒப்புதல் தந்தது. தொழிற்சாலைகளுக்கு 9 மணியை 12 ஆக்கவும் இசைந்தது. முதலீடு வருமாம். வரும். ஆளைத் தின்ன அனுமதி உண்டென்றால் முதலீடு வராமல் என்ன செய்யும்?

மூன்றாவது தமிழர், தலைமைப் பொருளாதார ஆலோசகர் அனந்த நாகேஸ்வரன். இவர் மட்டும் காகிதத்தில் உண்மையை எழுதினார். 2025 ஜனவரி கடைசியில் வந்த பொருளாதார ஆய்வறிக்கையில், ஒரு நாளில் 12 மணி நேரமோ அதற்கு மேலோ மேசையில் உட்காருபவர்கள் மனரீதியாக நொந்துபோயிருக்கிறார்கள், அவர்களுடைய மனநல மதிப்பெண் இரண்டு மணி நேரத்துக்குள் உட்காருபவர்களைவிட ஏறத்தாழ 100 புள்ளி கீழே என்று இருக்கிறது. மனச்சோர்வாலும் பதற்றத்தாலும் உலகம் வருஷத்துக்கு 1,200 கோடி வேலை நாட்களையும் ஒரு லட்சம் கோடி டாலரையும் இழக்கிறது என்றும் இருக்கிறது. அறிக்கையைத் தாக்கல் செய்தவர் அதே நிதியமைச்சர். மறுநாள் பட்ஜெட்டையும் அவரே தாக்கல் செய்தார். தொலைபேசி வழி மனநல ஆலோசனைத் திட்டமான டெலி மானஸுக்கு 2023-24 பட்ஜெட்டில் சுமார் 134 கோடி ஒதுக்கியிருந்தார்கள். அடுத்த ஆண்டு அது 90 கோடி. ஆய்வறிக்கைக்கு மறுநாள் வந்த பட்ஜெட்டில் 80 கோடிக்கும் சற்றுக் குறைவு. முதல் நாள் நோயின் கணக்கு, மறுநாள் மருந்தில் வெட்டு. தெய்வத்தின் மேல் அவ்வளவு நம்பிக்கை.

இந்த வரிசையில் நொய்டாவின் எஸ்மேடம் என்ற நிறுவனத்தை விட்டால் பாவம். 2024 டிசம்பரில் அவர்கள் ஊழியர்களிடம் மன அழுத்தம் பற்றிக் கருத்துக் கேட்டார்களாம். அதிக அழுத்தத்தில் இருப்பதாகச் சொன்னவர்களை வேலையைவிட்டு அனுப்புகிறோம் என்று ஒரு மின்னஞ்சல் ஊரெல்லாம் சுற்றியது. வசவு எல்லை மீறியதும், யாரையும் நீக்கவில்லை, விழிப்புணர்வுக்காகத்தான் அப்படிச் செய்தோம் என்று அறிவித்தார்கள். காரித் துப்பியவர்கள் எல்லோரும் தெரியாமலே ஒரு விளம்பரத்தில் நடித்திருந்தார்கள். ஆனால் நம் ஆறாவது மாடிப் பையன் அந்த மின்னஞ்சலைப் பார்த்துச் சிரிக்கவில்லை. அவன் கம்பெனியிலும் பெயர் போடாத சர்வே ஒன்று வரும். லாகின் ஐடி போட்டுத்தான் உள்ளே போக வேண்டும். 'கடந்த இரண்டு வாரங்களில் மனச்சோர்வாக உணர்ந்தீர்களா?' என்ற கேள்விக்கு அவன் 'ஒருபோதும் இல்லை' என்று குறித்தான். மற்றவர்களும் அப்படியே குறித்தார்கள். கம்பெனி ஆரோக்கியமாக இருப்பதாக வருஷாந்திர அறிக்கையில் வண்ணப்படம் போட்டார்கள்.

இன்ஷூரன்ஸ் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், 2018 மே 29இல் நடைமுறைக்கு வந்தது. உடல் நோய்க்கு எப்படியோ அப்படியே மன நோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்று அதன் 21ஆம் பிரிவு தெளிவாகச் சொல்கிறது. அதே ஆண்டு ஆகஸ்டில் காப்பீட்டு ஆணையம் சுற்றறிக்கை விட்டது. கம்பெனிகள் அதை மடித்து வைத்துக்கொண்டன. 2021இல் டெல்லி உயர் நீதிமன்றம் ஒரு பொதுத்துறைக் காப்பீட்டு நிறுவனத்தின் காதைத் திருகிக் கொடுக்கச் சொன்னது. 2022 அக்டோபரில் ஆணையம் மறுபடியும், இந்த மாதக் கடைசிக்குள் செய்யுங்கள் என்று கெஞ்சாத குறையாகச் சொன்னது. செய்தார்கள், ஆனால் சாமர்த்தியமாக. பெரும்பாலான பாலிசிகள் ஆஸ்பத்திரியில் படுத்தால்தான் பணம் தரும். மனச்சோர்வுக்காரர்களில் பெரும்பாலானோர் படுக்க வேண்டியதில்லை. வாரம் ஒருமுறை போய்ப் பேசிவிட்டு, மாத்திரை வாங்கிக்கொண்டு வருகிறவர்கள். பேச்சுக்கு மும்பையில் ஒரு தடவைக்கு ஆயிரத்தைந்நூறு, இரண்டாயிரம். அது கைக்காசு. வியாதி முற்றிப் படுத்த பிறகு வா, கொடுக்கிறோம் என்பதுதான் பாலிசி.

இந்த நாட்டுக்கு மனம் நொந்தவனைத் தண்டிப்பதில் நெடுநாள் பயிற்சி. சாக முயன்று பிழைத்தவனைக் குற்றவாளி என்று சொன்ன 1860ஆம் ஆண்டுப் பிரிவு, 2024 ஜூலை 1இல் புதிய தண்டனைச் சட்டம் வரும்வரை புத்தகத்தில் உட்கார்ந்திருந்தது. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், மனநல காப்பகம் என்ற பெயரில் நடந்த கீற்றுக் கொட்டகையில் தீப்பிடித்தது. 28 பேர் செத்தார்கள். ஓடியிருப்பார்கள், காலில் சங்கிலி இருந்தது. அன்று அழுத தமிழ்நாடுதான் இன்றும் சினிமாவில் கீழ்ப்பாக்கம் என்று சொன்னால் விழுந்து விழுந்து சிரிக்கிறது. மும்பைக்கு அந்த நகைச்சுவை தானேயில் இருக்கிறது. அங்கே 1901இலிருந்து இயங்கும் அரசு மனநல மருத்துவமனை, ஐரோலியிலிருந்து ரயிலில் பத்து நிமிஷத் தூரம். மலிவாகவும் மருந்தோடும் வைத்தியம் கிடைக்கிற இடம். அங்கே போய் வந்தது தெரிந்தால் சொசைட்டியில் பெண் தரமாட்டார்கள் என்பதால், நம் பையன் கிரெடிட் கார்டைத் தேய்த்துப் பெரிய ஆஸ்பத்திரியின் இரைப்பைப் பிரிவுக்கு மறுபடியும் போய்க்கொண்டிருக்கிறான்.

ஐடி பையன்களின் செல்ல நோய் இது என்று சொல்லும் ஒரு கூட்டமும் உண்டு. அவர்கள் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022 அறிக்கையைப் பார்க்க வேண்டும். அந்த ஆண்டு இந்தியாவில் தற்கொலை 1,70,924. முதலிடம் மகாராஷ்டிரம், 22,746. இரண்டாமிடம் தமிழ்நாடு, 19,834. இரண்டுக்கும் நடுவே வாழும் மும்பைத் தமிழனுக்கு இதைவிடப் பொருத்தமான பாரம்பரியம் கிடையாது. செத்தவர்களில் நான்கில் ஒருவருக்கும் மேல் தினக்கூலிகள். செத்த பெண்களில் பாதிக்கும் மேல் இல்லத்தரசிகள். கூலி கிடைக்காமல் போனதும் கடனும் வீட்டுச் சண்டையும் நோயும் சேர்ந்து நெரித்த கழுத்துகள் அவை. எல்லாவற்றுக்கும் மனச்சோர்வு என்று ஒரே சீட்டு எழுத முடியாது. ஆனால் தாராவிப் பட்டறையில் தோல் தைக்கிறவனுக்கும், ஐரோலியில் அவன் மகனுக்கும், இருவருக்கும் சோறு பொங்கிப் போட்டுவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கும் அம்மாவுக்கும் ஒரே நோய் வரும். பந்தை மட்டும் மகனுக்குத்தான் கொடுப்பார்கள்.

நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் 2015-16இல் தேசிய மனநல ஆய்வு நடத்தியது. இந்தியாவில் இருபதில் ஒருவர் வாழ்நாளில் எப்போதாவது மனச்சோர்வில் விழுகிறார், அவர்களில் நூற்றுக்கு எண்பதுக்கும் மேற்பட்டோர் வைத்தியம் எதையும் பார்ப்பதில்லை என்று சொன்னது. ஆய்வு நடந்த 12 மாநிலங்களில் தமிழ்நாடு உண்டு, மகாராஷ்டிரம் இல்லை. நாட்டில் லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர்கூடத் தேறமாட்டார், கணக்கு 0.75. முக்கால் மனிதர் என்ன செய்வார் என்று கேட்கலாம். அதற்கும் பதில் பக்கத்திலேயே இருக்கிறது. கோவாவில் மனநல மருத்துவர் விக்ரம் பட்டேலும் சங்காத் அமைப்பும் ஒரு சோதனை நடத்தி, முடிவை 2016 கடைசியில் லான்செட் இதழில் வெளியிட்டார்கள். டாக்டரும் இல்லை, சைக்காலஜி பட்டமும் இல்லை; உள்ளூர் ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்து, ஆரம்ப சுகாதார நிலையங்களில் கடும் மனச்சோர்வுக்காரர்களுடன் ஆறேழு தடவை முறையாகப் பேசவைத்தார்கள். எதையெல்லாம் விட்டுவிட்டாய், அதில் எதை நாளைக்கு ஒரு துளி செய்யலாம், யாரைப் பார்க்கலாம் என்று சின்னச் சின்ன வேலையாகப் பிடித்து ஏற்றும் முறை அது. மூன்று மாதத்தில் 64 சதவீதம் பேர் நோயிலிருந்து வெளியே வந்தார்கள். டாக்டரின் கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் 39. மலிவானது, நம் மண்ணில் நிரூபித்தது, நம் கொங்கணக் கரையிலேயே நடந்தது. ஐரோலி செக்டாருக்கு ஒரு அறையில் இரண்டு பேரை உட்கார வைக்க எவ்வளவு ஆகும்? ஒரு அக்டோபர் 10 கேக்குக்கும் ஜூம்பாவுக்கும் ஆகிற செலவில் சில மாதம் ஓட்டலாம்.

ஆகவே பெரியப்பா, அத்தை, மாமா, சேர்மன், அமைச்சர் எல்லோரும் கொஞ்சம் வாயை மூடினால், பையனுக்கு நடக்க வேண்டியது இவ்வளவுதான். மனம் மங்கியோ எதிலும் பிடிப்பில்லாமலோ இரண்டு வாரத்துக்கு மேல் போனால் டாக்டரைப் பார்க்க வேண்டும். அவர் தைராய்டு, ரத்தசோகை, பி12 குறைபாடு உண்டா என்று முதலில் பார்ப்பார். அவையும் இந்த வேஷத்தில் வரும். ஒன்பது கேள்வி கொண்ட ஒரு தாளை நிரப்பச் சொல்வார். லேசாக இருந்தால் பேச்சு வைத்தியமே போதும், கூடுதலாக இருந்தால் மாத்திரையும் சேரும். மாத்திரை வேலை காட்ட இரண்டிலிருந்து ஆறு வாரம் பிடிக்கும். முதல் வாரத்தில் குமட்டலும் படபடப்பும் வரலாம். பலர் அங்கேதான் 'ஒத்துக்கலை' என்று நிறுத்திக்கொண்டு மாமாவிடம் போகிறார்கள். தேறிய பிறகும் ஆறு மாதமாவது தொடர வேண்டும். தேறுவது நேர்க்கோட்டில் போகாது. நல்ல பத்து நாளுக்கு நடுவே ஒரு கெட்ட நாள் வரும், அதற்குப் பழையபடி ஆகிவிட்டது என்று பொருளில்லை. பதற்றத்துக்காரருக்குப் பயந்த இடத்தைத் தவிர்க்காமல், கொஞ்சம் கொஞ்சமாக அதற்குள் போய்ப் பழக்கும் பயிற்சி உண்டு. ஐரோலி ஸ்டேஷன் படிக்கட்டில் மறுபடி நிற்பதும் வைத்தியத்தில் சேர்த்திதான். திரும்ப வேலைக்குப் போகிறவனுக்கு அதே முடிவில்லாத வேலை நேரம் காத்திருந்தால் எந்த மாத்திரையும் எடுபடாது. அதை டாக்டர் எழுதித் தர முடியாது, சட்டம்தான் எழுத வேண்டும்.

சயான், கேஇஎம், நாயர் மாநகராட்சி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. தானேயும் இருக்கிறது. செம்பூர் பக்கம் தேவ்னாரில் டாட்டா சமூக அறிவியல் நிறுவனம் 2012இல் தொடங்கிய ஐகால் ஆலோசனைச் சேவை இருக்கிறது. டெலி மானஸின் எண் 14416. இரவு பகல் எந்நேரமும், தமிழிலும் பேசலாம், காசு கிடையாது. சாவைப் பற்றிய எண்ணம் வருகிறவர் நாளைக்கு என்று தள்ளாமல் இப்போதே அதை அழுத்த வேண்டும். பட்ஜெட்டில் வெட்டியது போக மிச்சமிருக்கும்போதே பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

உங்கள் வீட்டில் யாராவது 'முடியல' என்று சொன்னால் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போங்கள். வழியில் அறிவுரை வேண்டாம்.